இடது தோளும் இரவல் லென்ஸும்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணில் கிடந்ததையெல்லாம் இறக்க வேண்டியதாயிற்று. கொலு பொம்மைப் பெட்டி, கால் உடைந்த ஸ்டூல், பையனுடைய கேரம் போர்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கறுப்பு ரெக்ஸின் பை. ஜிப்பை இழுத்ததும் பாச்சை உருண்டையும் பழைய ரப்பரும் கலந்த வாசனை மேலே வந்தது. உள்ளே தடுப்புக்கு வைத்திருந்த ஸ்பாஞ்ச் தொட்ட விரலில் பசையாக ஒட்டியது; தட்டினால் பொடியாக உதிர்ந்தது. ஏணியில் நின்றவர் எட்டிப் பார்த்து, "வீணாப் போயிடுச்சு சார், தூக்கிப் போட்டுடவா?" என்றார். "இருக்கட்டும்ப்பா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அந்த ஸ்பாஞ்ச் இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது.

பை காலியாகத்தான் இருந்தது. அதில் ஒரு காலத்தில் இருந்தவை ஒவ்வொன்றாக வேறு வேறு கைகளுக்குப் போய்விட்டன. யோசித்துப் பார்த்தால், அவற்றில் பாதி என் கைக்கு வந்ததே வேறு யாருடைய கையிலிருந்தோதான்.

கோவில்பட்டியில் எங்கள் குடும்பம் முழுவதற்கும் ஒரே கேமரா. சித்தப்பாவின் ஆக்ஃபா கிளிக் 3. அவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கேமராவில் சொல்லிக்கொள்ளும்படி திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. 120 ரோலைப் போட்டு, பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியில் எண் தெரியும்வரை சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று யார் வீட்டில் விசேஷம் வந்தாலும் கேமரா மஞ்சப் பையில் ஏறி பஸ்ஸில் போகும். சாத்தூர் போகும், எட்டயபுரம் போகும், ஒரு முறை தூத்துக்குடிவரை போய் மூன்று மாதம் திரும்பவே இல்லை. இரவல் வாங்குபவர் ரோலைத் தாமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சித்தப்பா போட்ட ஒரே சட்டம். ஆனால் யாருடைய விசேஷமும் சரியாகப் பன்னிரண்டில் முடிவதில்லை. "உள்ள இன்னும் ரெண்டு மிச்சம் இருக்குடே, எடுத்துக்கோ" என்று சொல்லித் திருப்பித் தருவார்கள். அப்படி மிஞ்சிய இரண்டில் ஒன்றுதான் நான் முதன்முதலில் எடுத்த படம். பெரியம்மா வீட்டுக் கிணறு, கயிற்றோடு வாளி, ஓரத்தில் பாதி ஆடு. பஜார் ஸ்டுடியோவில் ரோலைக் கழுவி பிரிண்ட் போட்டவர், சித்தி வளைகாப்புப் படங்களுக்கு நடுவே இந்தக் கிணறு எப்படி வந்தது என்று சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

அந்த நாளில் கிடைத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம்களில் ஒன்று ஊட்டியிலிருந்து வந்தது. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் அங்கே உற்பத்தியை ஆரம்பித்தது. ஃபிலிமுக்கு 'இந்து' என்று பெயர். தொழிற்சாலை இருந்த இடத்துக்கு இன்றும் இந்து நகர் என்றே பெயர். கரிசல் காட்டு வெயிலில் நின்றுகொண்டு அந்த அட்டைப் பெட்டியைப் பிரிக்கும்போது ஊட்டிக் குளிர் உள்ளே இருக்கிறது என்று நானும் என் தம்பியும் நம்பினோம். முகர்ந்து பார்ப்போம். இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த மேன்ஷன் சுவர் தெரிகிற அறை. ஆபீசில் ஒரு சீனியர் புதுக் கேமரா வாங்கியதால், தன் ஜெனிட்டை எனக்குத் தவணையில் கொடுத்தார். சம்பள நாளன்று அவர் மேஜைக்குப் போய் நோட்டை வைத்துவிட்டு வருவேன். அவர் எண்ணாமல் டிராயரில் போடுவார். ரஷ்யாவின் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்த கேமரா. அந்தக் காலத்தில் சோவியத் நாட்டோடு நமக்கு ரூபாயிலேயே வியாபாரம் நடந்ததால், நம்மைப் போன்றவர்களுக்கு எட்டிய எஸ்.எல்.ஆர். அதுதான். ஜப்பான் கேமரா வேண்டுமென்றால் சிங்கப்பூரிலோ துபாயிலோ சொந்தக்காரர் இருக்க வேண்டும்.

ஜெனிட்டைத் தூக்கிப் பார்த்தவர்கள்தான் அதன் குணம் அறிவார்கள். ஹீலியோஸ் லென்ஸோடு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தடித்த தோல் உறையையும் சேர்த்தால் தாராளமாக ஒரு கிலோ. உறை கேமராவின் அடியில் திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கும். ரோல் மாற்ற வேண்டுமானால் முதலில் உறையைக் கழற்ற வேண்டும். முன்பக்கத் தோல் மடல் அவிழ்ந்து தொங்கி ஒவ்வொரு அடிக்கும் வயிற்றில் இடிக்கும். லென்ஸ் 58 மில்லிமீட்டர், எஃப் 2. முழுசாகத் திறந்து வைத்து ஃபோகஸ் பார்த்து, பிறகு இன்னொரு வளையத்தைத் திருகித் துளையைச் சுருக்கினால்தான் படம் எடுக்கலாம். சுருக்கியதும் வியூஃபைண்டர் இருட்டிவிடும். அமுக்கினால் வருகிற சத்தத்தில் மெரினாவில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து இடம் மாறிப் படுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் அந்த லென்ஸின் கண்ணாடி அருமையானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேன்ஷனிலும் ஆபீசிலுமாகச் சேர்ந்து நாங்கள் ஐந்து பேர். இரண்டு ஜெனிட், ஒரு கிழக்கு ஜெர்மனி பிராக்டிகா, சிங்கப்பூர் மாமா கொடுத்த ஒரு பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். ஐந்தாமவரிடம் கேமராவே கிடையாது. யாரிடமாவது வாங்கிக்கொள்வார், படம் எல்லோரையும்விட நன்றாக எடுப்பார். நாடு வேறு, கம்பெனி வேறு என்றாலும் இந்த நான்கு கேமராக்களுக்கும் ஒரு பொதுத்தன்மை இருந்தது. லென்ஸை மாட்டுகிற மரை ஒன்றே. 42 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். 1949-ல் டிரெஸ்டனில் செய்த கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு பரவலான அந்த மரையை ரஷ்யாக்காரரும் ஜப்பான்காரரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எம்42 என்று பெயர். ஆக, ஒருவர் லென்ஸ் வாங்கினால் ஐந்து பேர் வாங்கிய மாதிரி. பிறகு ஏன் ஐந்து பேரும் பணம் போட்டே ஒன்று வாங்கக்கூடாது என்று யாரோ கேட்டார்கள். அப்படித்தான் ஒரு 135 மில்லிமீட்டர் டெலி வாங்க பர்மா பஜாருக்குப் போனோம்.

கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடுகிற கடை. கால்குலேட்டர், வாக்மேன், ஷேவிங் செட், சென்ட் பாட்டில். லென்ஸ் என்றதும் கடைக்காரர் எங்கள் ஐந்து பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கீழே குனிந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஒரிஜினல் ஜப்பான் தம்பி. பில் கேக்காதீங்க, வாரண்டி கேக்காதீங்க. சரியில்லன்னா நாளைக்கு இதே இடத்துல நான் இருப்பேன்."

"எவ்வளவு பாய்?"

அவர் சொன்ன விலையில் பாதியைச் சொன்னோம். அவர் லென்ஸைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு கடை தள்ளி நடந்தோம். கூப்பிட்டார். பென்டாக்ஸ்காரர் லென்ஸைத் தன் கேமராவில் திருகி, ரோட்டுக்கு வந்து, ஹைகோர்ட்டின் உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் எரிந்த கோபுரத்தைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். பேரம் படிந்ததும் பாயே ஒரு டார்ச்சை எடுத்து எங்களிடம் கொடுத்தார். "பின்பக்கமா டார்ச் அடிச்சு முன்பக்கமாப் பாருங்க தம்பி. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா வாங்காதீங்க. எங்கிட்டன்னு இல்ல, யார்கிட்டயும் வாங்காதீங்க." காசு வாங்குவதற்கு முன்பே குறை பார்க்கக் கற்றுக்கொடுத்த வியாபாரியை அதற்குப் பிறகு நான் அதிகம் சந்திக்கவில்லை. ஒரு சிவப்பு வெல்வெட் சுருக்குப் பையும் இலவசமாகத் தந்தார்.

லென்ஸ் யாரிடம், எந்த வாரம் என்று எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டோம். சாதாரண வாரங்களில் சண்டை வராது. வம்பெல்லாம் பங்குனியில்தான். மயிலாப்பூர் அறுபத்து மூவர் அன்று ஐந்து பேருக்கும் அந்த லென்ஸ் வேண்டும். நோட்டைப் பார்த்தால் அந்த வாரம் பிராக்டிகாகாரருடையது. அவர் மூஞ்சியைப் பார்க்க எங்களுக்குச் சகிக்கவில்லை. கடைசியில் தெற்கு மாட வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஐந்து பேரும் வரிசையாக ஏறி நின்றோம். நாயன்மார்கள் பல்லக்கில் நான்கு நான்கு பேராக வருகிறார்கள். ஒருவர் இரண்டு படம் எடுத்ததும் லென்ஸை விறுவிறுவென்று கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். அவர் தன் லென்ஸைக் கழற்றி இடுப்பு வேட்டியில் சொருகிக்கொண்டு இதைத் திருகுவார். மரை ஏறி முடிவதற்குள் ஒரு பல்லக்கு நகர்ந்து போய்விடும். திண்ணை வீட்டு அம்மாள் நீர்மோர் கொடுத்துக்கொண்டே, "ஏம்ப்பா, அஞ்சு பேருக்கும் ஒரு கண்ணுதானா?" என்று கேட்டார். மூடி யாரிடம் இருக்கிறது என்று ராத்திரி தேடினோம். யாரிடமும் இல்லை.

இப்படி ஒட்டுப்போட்டு வேலை பார்ப்பதில் எங்களுக்குக் கூச்சம் இல்லாமல் போனதற்கு மா. கிருஷ்ணனும் ஒரு காரணம். இதே சென்னையில் வாழ்ந்துகொண்டு, காடுகளில் யானையையும் காட்டு மாட்டையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். ஒரு கம்பெனியின் உடலில் இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸைப் பொருத்தி, மிச்சத்தைத் தானே செய்து சேர்த்துக்கொண்ட கேமரா அவருடையது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்திருந்தார். இ. பி. கீ 1964-ல் எழுதிய காட்டுயிர் நூலில் அந்தக் கேமராவை வேடிக்கையாக வர்ணித்திருக்கிறார். புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமென்று எங்களில் யாராவது புலம்பினால், "பாண்டரோசா" என்று ஒரு வார்த்தை சொல்வோம். புலம்பல் ஒரு வாரம் அடங்கும்.

ஆனாலும் பை நிறையத்தான் செய்தது. அந்தக் கறுப்பு ரெக்ஸின் பையை அப்போதுதான் வாங்கினேன். ஜெனிட், டெலி என் முறை வந்தால் அது, குவியத் தூரத்தை இரண்டு மடங்காக்குகிற ஒரு கன்வெர்ட்டர், ஃப்ளாஷ், அதற்கு நான்கு பென்சில் செல், மஞ்சள் ஃபில்டர், தூசி ஊதுகிற ரப்பர் பந்து, துண்டு, குடை. கன்வெர்ட்டர் போட்டால் 135 லென்ஸ் 270 ஆகிவிடும் என்று கணக்கு சொல்லும். வெளிச்சம் கால்வாசியாகக் குறையும் என்பதையும் அதே கணக்குதான் சொல்லும். 100 ஏ.எஸ்.ஏ. ஃபிலிமில் அதைப் போட்டு எடுத்த பறவையெல்லாம் ஆவியாகத்தான் வந்தன. இருந்தும் எங்கே போனாலும் அது பையில் இருந்தது. "ஒருவேளை தேவைப்பட்டால்" என்பதற்காக நான் சுமந்த எடை, தேவைப்பட்டவற்றின் எடையைவிட எப்போதும் அதிகம்.

பையின் வார் இடது தோளில்தான். வலது கை கேமராவுக்கு, பல்லவன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க. டிரைபாடைப் பழைய வேட்டியில் சுற்றித் தனியாகத் தூக்கிக்கொண்டு போவேன். அதற்கு லக்கேஜ் போடலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு கண்டக்டரும் ஒவ்வொரு விதமாகத் தீர்ப்புச் சொல்வார். ரயிலில் முன்பதிவில்லாத பெட்டி. வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிய இரவுகளில் காதுக்குக் கீழே ஹீலியோஸின் விளிம்பு உறுத்திக்கொண்டே இருக்கும்.

திருவண்ணாமலை தீபத்துக்கு ஒரு முறை மலை ஏறினேன். 2,668 அடி. வெறுங்காலில், பையும் டிரைபாடுமாக. பாதி தூரத்தில் மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, நெய்த் தூக்கோடு வந்த ஒரு பெரியவர் என் பக்கத்தில் நின்றார். எழுபதுக்கு மேல் இருக்கும். "குடுங்க தம்பி, நான் கொண்டாரேன்" என்று டிரைபாடை வாங்கிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, கொடுத்துவிட்டேன். அவர் அதை ஊன்றிக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறிப் போனார். உச்சியில் என்னைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல தடிதான் தம்பி. பிடிதான் சரியில்ல" என்றார். அங்கே இருந்த கூட்டத்தில் அதன் மூன்று காலையும் விரிக்க இடமே இல்லை. கையில் பிடித்தபடியே எடுத்தேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் வேறு கதை. தொல்லியல் துறை இடங்களில் டிரைபாடுக்குத் தனியாக அனுமதி வேண்டும். வாசலில் இருந்தவர் மரியாதையாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். தூணில் சாய்ந்து மூச்சை அடக்கி எடுத்துக்கொண்டிருந்தபோது லின்னியஸ் டிரைப்பின் நினைவு வந்தது. மதராஸ் படையில் கேப்டனாக இருந்து மாகாண அரசின் புகைப்படக்காரரானவர். 1858-ல் இதே கோயிலுக்கு வந்தார். பெரிய பெட்டிக் கேமரா, மெழுகு பூசிய காகித நெகட்டிவ், ரசாயனச் சீசாக்கள், எல்லாம் மாட்டு வண்டிகளில். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாகச் செய்தார். இன்று செல்போனைக் கிடையாக நகர்த்தி நாம் எடுக்கிறோமே, அந்த வேலைதான். அவர் எடுத்ததில் கல்வெட்டு எழுத்துக்களை இன்றும் வாசிக்கலாம். மாட்டு வண்டியில் சாமான் கொண்டு போனவரை நினைத்தபோது என் தோள் வலி கொஞ்சம் குறைந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கல்யாணமான பிறகு பைக்கு வீட்டில் ஓர் இடம் கிடைத்தது. எனக்கு ஒரு வாணலியும் கிடைத்தது. சென்னையில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. பாய் காட்டிய சிலந்தி வலை அதுதான். மழைக்காலத்தில் இரண்டு மாதம் பையைத் திறக்காமல் வைத்தால் கண்ணாடிக்குள் கிளை விட்டுவிடும். கண்ணாடிமேல் பூசிய பூச்சையே அரித்துவிடும். அதற்குத்தான் சிலிக்கா ஜெல். நீலமாக இருக்கும், ஈரம் குடித்தால் வெளிர் ரோஜா நிறத்துக்கு மாறும், சூடு காட்டினால் திரும்ப நீலமாகும். முதல் மழைக்காலத்தில் நான் அடுப்படியில் நின்று அதை வறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்னங்க, கல்கண்டையா வறுக்குறீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. விஷயத்தைச் சொன்னதும் வாணலியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். சமையலுக்கு அது இனி ஆகாது என்று தனியாக எடுத்து வைத்தாள். இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்குக் கேமரா வாணலி என்றுதான் பெயர். பிற்காலத்தில் ஈரத்தை 40, 45 சதவீதத்தில் வைத்திருக்கும் மின்சாரப் பெட்டி வாங்கியபோது, "வாணலி மிச்சம்" என்றாள். ஆனால் திரும்பச் சமையலுக்கு எடுக்கவில்லை.

டிஜிட்டல் வந்தது. அமெரிக்காவிலிருந்து மைத்துனர் நிக்கான் டி70 கொண்டுவந்து கொடுத்தார். 2004-ல் வெளியான கேமரா. ஆறு மெகா பிக்சல். அன்றைக்கு அது போதாது என்று சொன்னவர் யாரையும் நான் பார்க்கவில்லை. ரோலில் 36-க்கு மேல் 37, 38 எடுக்க முடிந்தால் ஜெயித்த மாதிரி சந்தோஷப்பட்ட ஆளுக்கு, எண்ணாமல் எடுக்கலாம் என்றபோது முதல் வாரம் கை கூசியது. ஐந்து பேர் கூட்டணியும் ஏறத்தாழ அப்போதே கலைந்தது. சண்டையெல்லாம் இல்லை; மரைதான் காரணம். ஒருவர் கேனன் வாங்கினார், ஒருவர் நிக்கான், ஒருவர் பென்டாக்ஸிலேயே இருந்தார். ஒருவர் லென்ஸ் மற்றவருக்குச் சேராது. பழைய 135-ஐ வளையம் வைத்து நிக்கானில் மாட்டிப் பார்த்தேன். எம்42 கேமராக்களில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45.46 மில்லிமீட்டர், நிக்கானில் 46.5. அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் தூரத்துக் காட்சி ஃபோகஸுக்கே வராது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மாமியார் தெளிவாகத் தெரிவார், கோபுரம் தெரியாது. டெலி லென்ஸை வைத்துக்கொண்டு மாமியாரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

பிறகு வாங்கினோம், வாங்கினோம், அவரவர் தனித்தனியாக வாங்கினோம். இ.எம்.ஐ. வந்தது. கடையில் கையில் பிடித்துப் பார்த்து விலை பேசிய காலம் போய், படுக்கையில் படுத்துக்கொண்டே விமர்சனம் படித்து, விடிந்ததும் வாசலில் அட்டைப் பெட்டி வந்து நின்றது. யாரிடமும் எதையும் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. நான் கடைசியாக வாங்கிய பெரிய சாமான் நிக்கானின் 200-500 லென்ஸ். லென்ஸ் மட்டும் 2.3 கிலோ. வேடந்தாங்கலுக்காகவே வாங்கினேன்.

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கார்த்திகை, மார்கழி விடியற்காலையில் நின்றால் நம்மைப் போன்ற ஆட்களைப் பார்க்கலாம். அவரவர் தோளில் சிறு பீரங்கி. 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டபடி, இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு எழுதிக் கொடுத்திருக்கிறார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், எல்லாம் நீரில் நிற்கும் மரங்களில் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும். நான் மூச்சிரைக்கக் காவல் கோபுரத்தில் ஏறி, லென்ஸை வெளியே எடுத்துத் தாங்கியில் பொருத்துவதற்குள், பைனாகுலரை வாடகைக்கு விடுகிற பையன் ஒரு குடும்பத்தின் செல்போனை வாங்கி பைனாகுலரின் கண்ணில் ஒட்ட வைத்து, குஞ்சுக்கு இரை ஊட்டுகிற நாரையை எடுத்துக் கொடுத்துவிட்டான். "அய்யோ சூப்பர்ணா" என்று அந்தக் குடும்பம் கத்தியது. எட்டிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

அந்தப் பருவத்தின் முடிவில்தான் தோள் பிடித்துக்கொண்டது. டாக்டர் என்னைச் சுவரோரம் நிற்க வைத்துப் பின்னாலிருந்து பார்த்தார். இடது தோள் வலது தோளைவிட இறங்கியிருக்கிறதாம். "என்ன வேலை பார்த்தீங்க? மூட்டை தூக்குற வேலையா?" என்றார். சர்க்கார் ஆபீசில் பேனா பிடித்தேன் என்றேன். நம்பவில்லை. முதுகுப் பைக்கு மாறினேன், அப்புறம் அதுவும் வேண்டாமென்று ஆகிவிட்டது. இப்போது உள்ளே கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் என்கிற சின்னக் கேமரா ஒன்று. வெளியே போகும்போது அதில் எந்த லென்ஸ் இருக்கிறதோ அதோடு சரி. பெரிய லென்ஸ் பெட்டிக்குள் சுகமாக இருக்கிறது. இறங்கின தோள் இன்னும் ஏறவில்லை.

சென்ற ஆண்டு, அந்த ஐவரில் கேமரா இல்லாதவர் என்று சொன்னேனே, அவருடைய மகள் வந்தாள். விஸ்காம் படிக்கிறாள். "அங்கிள், உங்ககிட்ட ஹீலியோஸ் இருக்காம்ல? அப்பா சொன்னாங்க. ஒரு வாரம் குடுப்பீங்களா?" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. அந்த லென்ஸை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தால் முகத்துக்குப் பின்னாலிருக்கும் இலைகள் சுழல்வதுபோல் மங்கும். நாங்கள் அதைக் குறை என்று நினைத்து, துளையைச் சுருக்கிச் சுருக்கி மறைத்தோம். இன்றைய பிள்ளைகள் அதற்காகவே அந்த லென்ஸைத் தேடுகிறார்கள். இவர்களுடைய கேமராவுக்குள் கண்ணாடி இல்லாததால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. ஒரு வளையத்தை வைத்து இடைவெளியை நிரப்பினால் எந்தக் காலத்து லென்ஸும் ஏறும். ஒரு மில்லிமீட்டரில் நின்றுபோன கதை இப்போது ஒரு வளையத்தில் ஓடுகிறது. டார்ச் அடித்துக் காட்டினேன், சுத்தமாக இருந்தது. கேமரா வாணலியின் புண்ணியம். அவள் லென்ஸை ஒரு குளிர்காலச் சாக்ஸில் போட்டுக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டியில் போனாள்.

ஒரு வாரம் ஆறு மாதமாயிற்று. அவளிடமிருந்து அவள் தோழிக்குப் போய், அங்கிருந்து கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததாகக் கேள்வி. போன மாதம் அந்தப் பொது 135-ஐயும் தேடிப் பிடித்தேன். பிராக்டிகாகாரர் வீட்டு பீரோவில் வெல்வெட் பையோடு கிடந்தது. பங்குதாரர்கள் நான்கு பேர்தான் இப்போது. நான்கு பேரும் சரி என்றார்கள். அதையும் அவளிடமே கொடுத்தோம்.

உங்கள் அலமாரியிலும் அப்படி ஏதாவது கிடக்கும். சித்தப்பாவுடையதோ அப்பாவுடையதோ, தோல் உறைக்குள் ஒரு பழைய லென்ஸ். விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பூட்டி வைத்தால் அடுத்த மழையில் பூஞ்சைதான் அதைப் பயன்படுத்தும். தெருவில் கேமராவோடு போகிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு இரவல் கொடுத்துப் பாருங்கள். மூடியை மட்டும் நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பி வராது.